கோட்டைக்குள் ட்ரைபாட் கிடையாது

மில்லர்புரம், தூத்துக்குடி
6 ஜனவரி 2025

அன்புள்ள அத்தான்,

சுந்தரி எழுதுகிறேன். எனக்கும் செல்விக்கும் ஒரு குறையும் இல்லை, அவளுடைய பத்தாம் வகுப்புப் பரீட்சையைத் தவிர. நீங்கள் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா? நேற்று ஃபோனில் குரல் கட்டியிருந்ததே, சரியாகிவிட்டதா?

ஒரு சேதியை நேற்று ஃபோனில் சொல்லாமல் வைத்துக்கொண்டேன். சொன்னால் உங்கள் அறையில் இருக்கிற ஆறு பேரும் கேட்பார்கள், நீங்கள் "ம், ம், சரி" என்பீர்கள், எனக்குக் கோபம் வரும். தீபாவளிச் சண்டை அப்படித்தான் வந்தது. முக்கியமானதை இனிமேல் எழுதுவோம் என்று அன்றைக்குச் சொன்னவர் நீங்கள்தான். எழுதிவிட்டேன், படியுங்கள்: பிப்ரவரியில் நான் மஸ்கட் வருகிறேன். சும்மா சுற்றிப் பார்க்க இல்லை. படம் எடுக்க!

நாசரேத் அற்புதமணி அக்காவின் மகள் ஷெர்லினுக்கு மே மாதம் கல்யாணம். மாப்பிள்ளை பெவின் மஸ்கட்டில் ஏசி கம்பெனியில் எஞ்சினீயர். கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்னால்தான் லீவு கிடைக்குமாம். அதனால் கல்யாணத்துக்கு முந்தின போட்டோவை அங்கேயே போய் எடுத்துவிடலாம் என்று முடிவு செய்திருக்கிறார்கள். அக்காவும் மகளோடு வருகிறார். "நான் பக்கத்துல நிக்காம ரெண்டு பேரையும் சேர்த்துப் படம் எடுக்கக் கூடாது" என்று முதல் நாளே சொல்லிவிட்டார்.

ஊரில் பெரிய ஸ்டுடியோக்காரர்கள் இரண்டு பேர் இந்த வேலைக்குப் போட்டி போட்டார்கள். நான் உப்பளத்தில் எடுத்த ஆல்பத்தை மட்டும் கொண்டுபோய்க் காட்டினேன். அக்கா ஒவ்வொரு பக்கமாகத் திருப்பிப் பார்த்துவிட்டு, "பொம்பளையா இருந்தா எம் மக கூச்சப்படாம நிப்பாளேன்னுதான் ஒன்னய வரச் சொன்னேன். படமும் நல்லால்லா எடுக்க!" என்றார். அந்த "படமும்" என்கிற வார்த்தையைக் கேட்கத்தான் எட்டு வருஷமாக மண்டபம் மண்டபமாக ஏறி இறங்கினேன் அத்தான்.

இதில் இன்னொரு அதிசயமும் இருக்கிறது. ஷெர்லின் தன் ஃபோனில் ஒரு கோட்டைப் படத்தைக் காட்டி, "எனக்கு இங்கன ஒரு படம் வேணும் அக்கா, வானம் நீலமா இருக்கும்போது, விளக்கெல்லாம் எரியும்போது" என்றாள். பார்த்தால் அது உங்கள் கோட்டை! நீங்கள் வாசலில் காவல் நிற்கிற அதே கோட்டை. எடுத்துத் தருகிறேன் என்று அப்போதே வாக்குக் கொடுத்துவிட்டேன்.

அந்த வெளிச்சத்தில் கேமராவின் கண் ஒரு விநாடியாவது திறந்திருக்க வேண்டும். கையில் பிடித்தால் ஆடிவிடும். ட்ரைபாட் இல்லாமல் முடியாது. அங்கே அதற்கு என்ன சட்டம் என்று விசாரித்து எழுதுங்கள். வாசலில் நிற்பதே நீங்கள் என்றால் எனக்கு என்ன கவலை?

உங்கள் அன்புள்ள,
சுந்தரி

மஸ்கட்
16 ஜனவரி 2025

என் சுந்தரிக்கு,

உன் கடிதத்தை டூட்டி முடிந்து வரும்போது பஸ்ஸில் பிரித்தேன். படித்து முடித்து நிமிர்ந்தால் இறங்க வேண்டிய இடம் இரண்டு ஸ்டாப் பின்னால் போயிருந்தது. நடந்தே வந்தேன். அறைக்குள் நுழைந்ததும், "என்ன அண்ணாச்சி, முகத்துல பல்லு மட்டுந்தான் தெரியுது" என்று பையன்கள் கேட்டார்கள். "எம் பொஞ்சாதி வாரா. கம்பெனி விசாவுல இல்ல, புருசனப் பாக்கவும் இல்ல. கேமராவத் தூக்கிக்கிட்டுத் தொழிலுக்கு வாரா" என்றேன். அன்றைக்கு ராத்திரி டீ என் செலவு.

யாரோ ஒருவருடைய ஸ்டுடியோவில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஆல்பம் ஒட்டிக்கொண்டிருந்தவள் நீ. நீ படம் எடுக்கப் போன முதல் கல்யாணத்தில் வீடியோக்காரன் "யக்கா, லைட்ட மறைக்காம ஓரமாப் போங்க" என்று சொன்னதற்கு வீட்டுக்கு வந்து அழுதாய். இன்றைக்கு விமானம் ஏறி வருகிறாய். எனக்கு இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நெஞ்சு நிறைந்திருக்கிறது, அவ்வளவுதான்.

இப்போது சட்டம். கவனமாகப் படி.

கையில் பிடிக்கிற கேமராவுக்குத் தடையில்லை, எத்தனை படம் வேண்டுமானாலும் எடுக்கலாம். ட்ரைபாட், ஒற்றைக்கால் ஸ்டாண்டு, லைட் ஸ்டாண்டு, லைட்டுக்கு விரிக்கிற குடை எதற்கும் அனுமதி இல்லை. ட்ரோன் பற்றிப் பேசவே கூடாது. தொழில்முறையாக எடுக்க வேண்டுமானால் மூன்று வாரத்துக்கு முன்பே அலுவலகத்தில் விண்ணப்பம் கொடுத்து எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும்.

வந்த புதிதில் நானும் இது என்ன வீம்பு என்றுதான் நினைத்தேன். எங்கள் சூப்பர்வைசர் சலீம் சார் ஒரு நாள் என்னை முற்றத்துக்குக் கூட்டிப்போய்த் தரையைக் காட்டினார். பழைய சுண்ணாம்புத் தளம். அதில் மூன்று மூன்றாகக் குழிகள், கோழி நடந்த மாதிரி. ஒருவர் ஊன்றினால் ஒன்றும் ஆகாது. நாளைக்கு நாற்பது பேர் ஊன்றினால்? மாடிப்படியோ ஒரு ஆள் அகலம். போன வருஷம் ஒரு வயதான அம்மா யாருடைய ட்ரைபாட் காலிலோ தடுக்கி விழுந்து இடுப்பை ஒடித்துக்கொண்டார். தூக்கிக்கொண்டு ஓடியவர்களில் நானும் ஒருவன்.

சென்ற மாதம் ஒரு வெள்ளைக்காரர் அரை மணி நேரம் வாதாடினார். தன்னுடைய ட்ரைபாட் காலில் ரப்பர் போட்டிருக்கிறதாம். "ரூல் இஸ் நாட் ரப்பர், சார்" என்றேன். சிரித்துவிட்டுக் கொடுத்துவிட்டார். உன் புருஷனுக்கு இங்கிலீஷ் வராது என்று இனிமேல் சொல்லாதே.

விண்ணப்பப் படிவத்தை இன்றே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டேன். உடனே நிரப்பி அனுப்பு. நான் வாசலில் நிற்கிறேன் என்பதை மட்டும் கணக்கில் சேர்த்துக்கொள்ளாதே.

உன்,
மாரிராஜ்

மில்லர்புரம்
28 ஜனவரி 2025

அன்புள்ள அத்தான்,

படிவத்தை அன்றைக்கே அனுப்பினேன். முந்தாநாள் பதில் வந்தது. அந்த ஊரில் லைசென்ஸ் உள்ள ஒரு கம்பெனி முத்திரை வைத்துப் பொறுப்பேற்றால்தான் அனுமதி என்கிறார்கள். பெவின் தன் மேனேஜரிடம் கேட்டிருக்கிறார். ஏசி கம்பெனிக்கும் போட்டோவுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டாராம். அவர் கேட்டதும் நியாயம்தான்.

டிக்கெட் போட்டாயிற்று. பதின்மூன்றாம் தேதி வியாழக்கிழமை சாயங்காலம் கோட்டை. மறுநாள் கடற்கரை. சனிக்கிழமை காலை திருவனந்தபுரத்துக்குத் திரும்பும் விமானம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் நீங்கள் லீவு சொல்லுங்கள். நாம் இரண்டு பேரும் எங்காவது போய் உட்கார்ந்து பேச வேண்டும். உங்களைப் பார்த்து இரண்டு வருஷம் ஆகிறது.

கேட்கக் கூடாததைக் கேட்கிறேன். வியாழக்கிழமை சாயங்காலம் பத்தே பத்து நிமிஷம் நீங்கள் வேறு பக்கம் திரும்பி நின்றுகொள்ளுங்கள். தரையில் துணியை விரித்து அதன் மேல் வைக்கிறேன். ஒரு கீறல் விழாது. நான் வாக்குக் கொடுத்த படம் அது ஒன்றுதான்.

துறைமுகத்துப் பக்கம் கண்டெய்னர் யார்டில் நீங்கள் கேட்டைத் திறக்க மறுத்ததை நான் மறக்கவில்லை. சீல் இல்லாத லாரி, அது மேனேஜரின் மச்சான் லாரியாகவே இருந்தாலும் வெளியே விட மாட்டேன் என்றீர்கள். அடுத்த வாரம் வேலை போயிற்று. செய்தது சரி என்று ஊரே சொன்னது. அந்த ஊரில் ஒருவரும் செல்விக்கு ஃபீஸ் கட்டவில்லை. அதனால்தான் நீங்கள் அங்கே, நாங்கள் இங்கே. நான் அப்போது ஒரு வார்த்தை சொன்னேனா? இந்த ஒரு தடவை எனக்காக.

சுந்தரி

மில்லர்புரம்
20 பிப்ரவரி 2025

அத்தான்,

ஊருக்கு வந்து ஐந்து நாள் ஆயிற்று. உங்கள் ஃபோனை எடுக்காமல் இருப்பது ஏன் என்று செல்வி கேட்கிறாள். உங்களிடமே சொல்லிவிடுகிறேன்.

என் கடிதத்துக்கு நீங்கள் பதில் போடவில்லை. ஃபோனிலும் அதைப் பற்றிப் பேசவில்லை. சரி, மனுஷன் வாயால் சொல்லக் கூச்சப்படுகிறார், செய்துவிடுவார் என்று நினைத்துக்கொண்டேன். காரில் வரும்போதே நாலு தடவை தலைமுடியைச் சரிசெய்தேன். படத்தை நினைத்து இல்லை. உங்களைப் பார்க்கப் போகிறேன் என்று.

வாசலில் நின்றீர்கள். நீலச் சட்டை, மடிப்புக் கலையாமல். காதோரம் நரைத்துவிட்டது. முகம் ஒடுங்கியிருந்தது. நான் சிரித்தேன். நீங்கள் சிரிக்கவில்லை. என் தோளில் தொங்கிய பையைப் பார்த்தீர்கள்.

"மேடம், ட்ரைபாட் நாட் அலவ்ட் இன்சைட்."

மேடம்! கல்யாணமாகிப் பதினேழு வருஷம். ஏளா என்பீர்கள், சுந்தரி என்பீர்கள், கோபம் வந்தால் பெயரே சொல்ல மாட்டீர்கள். மேடம் என்று இப்போதுதான் கேட்கிறேன்.

"அத்தான், நான்தான்" என்றேன், மெதுவாக.

"தெரியுது. உள்ள விட முடியாது" என்றீர்கள், அதைவிட மெதுவாக.

பின்னால் வரிசை நின்றது. பெவின் முன்னால் வந்து, பத்து நிமிஷம்தான் என்று இங்கிலீஷில் கெஞ்சினார். அவரிடமும் அதே வாக்கியத்தைச் சொன்னீர்கள். நான் உங்களை முறைத்துக்கொண்டே பையைக் கழற்றிக் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு போய்ப் பூட்டி வைத்துவிட்டு வந்தீர்கள்.

அற்புதமணி அக்காவுக்குக் கண் கூர்மை. உங்கள் சட்டையில் இருந்த பெயரைப் படித்துவிட்டார். "மாரிராஜ்னு போட்டிருக்கு. நம்ம பக்கத்து ஆளுல்லா! ஒனக்குத் தெரிஞ்சவராளா?" என்று கேட்டார். என் வீட்டுக்காரர் மஸ்கட்டில் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர் என்று அவர்களிடம் சொல்லி வைத்திருந்தேன். வாசல் காவல் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இப்போது எப்படிச் சொல்வேன்?

"தெரியாதுக்கா" என்றேன்.

உள்ளே போய்ப் படம் எடுத்தேன். எப்படி எடுத்தேன் என்று தெரியாது. நீல வானமும் விளக்கும் சேர்ந்த அந்தப் படம் வரவில்லை. கையில் பிடித்து எடுத்தது எல்லாம் ஆடியிருந்தது, அல்லது புள்ளி புள்ளியாக இருந்தது. வெளியே வரும்போது உங்கள் இடத்தில் வேறு ஆள் நின்றார். அவரிடம் பையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். வெள்ளிக்கிழமை நீங்கள் கூப்பிட்டபோது தலைவலி என்று சொன்னது பொய். உங்களுக்கு என்று வாங்கி வந்த நம் ஊர் மக்ரூன் இனிப்பைப் பெவின் அறைக்காரர்களுக்குக் கொடுத்துவிட்டேன்.

இரண்டு வருஷத்துக்குப் பிறகு உங்களைப் பார்த்தது அந்த ஏழு நிமிஷம்தான். சட்டத்தை நன்றாகக் காப்பாற்றினீர்கள். நன்றாக இருங்கள்.

சண்முகசுந்தரி

மஸ்கட்
4 மார்ச் 2025

சுந்தரிக்கு,

நீ எழுதியதில் ஒரு வார்த்தையும் மிகை இல்லை. ஆனால் என் தப்பு எது என்று நீ நினைக்கிறாயோ, அது என் தப்பு இல்லை. என் தப்பு வேறு.

உன் ஜனவரிக் கடிதத்துக்கு மூன்று தடவை பதில் எழுதினேன், மூன்றையும் கிழித்தேன். முடியாது என்று எழுதினால் கோட்டை வேண்டாம் என்று சொல்லிவிடுவாய், வேலையே கைவிட்டுப் போனால் நீ வரவே மாட்டாய் என்று பயந்தேன். எனக்கு உன்னைப் பார்க்க வேண்டியிருந்தது. அதனால் வாயைத் திறக்கவில்லை. நான் முன்பே சொல்லியிருந்தால் நீ வேறு இடம், வேறு படம் யோசித்திருப்பாய். உன்னை வாசல் வரைக்கும் வரவிட்டு நான்கு பேர் முன்னால் நிறுத்தியது என் கோழைத்தனம். அதற்கு என்னை மன்னித்துக்கொள்.

பையை உள்ளே விடாததற்கு மன்னிப்புக் கேட்க மாட்டேன். உன்னைக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன், அதை எதிர்பார்க்காதே. நான் ஒரு நாளைக்கு இருபது பேரிடம் முடியாது என்று சொல்கிறவன். அதில் யாரோ ஒரு அம்மாவின் மகன் இருப்பான், ஒரு புதுமாப்பிள்ளை இருப்பான், கடல் தாண்டி வந்தவர்கள் எல்லாரும். உன்னை விட்டிருந்தால் மறுநாள் எந்த முகத்தோடு அவர்களை நிறுத்துவேன்? எனக்கு இங்கே இருப்பது அந்த ஒரு முகம்தான். சொத்து, படிப்பு, பதவி ஒன்றும் இல்லை. மாரிராஜ் சொன்னால் சொன்னதுதான் என்று சலீம் சார் முதல் என்னோடு காவல் நிற்கிற பாகிஸ்தானிப் பெரியவர் வரை சொல்வார்கள். அதைத்தான் நான் சம்பாதித்திருக்கிறேன்.

நீ "தெரியாதுக்கா" என்றது என் காதில் விழுந்தது. இரண்டடி தூரத்தில்தானே நின்றேன். வலித்தது. ஆனால் மேடம் என்று தொடங்கியவன் நான்தானே.

உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். நீ உள்ளே போனதும் வாசலை ஐந்து நிமிஷம் வேறு ஆளிடம் கொடுத்துவிட்டு முற்றத்து வளைவு வரைக்கும் வந்தேன். நீ சுவரில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்திருந்தாய். முழங்காலை மடக்கி நிறுத்தி, முழங்கையை அதில் ஊன்றி, மூச்சை அடக்கிக்கொண்டு. உன் கண் ஈரமாக இருந்தது. ஆனால் கை அசையவில்லை. அந்தப் பெண் சிரிக்க மறந்து நின்றபோது, "ஷெர்லின், ஒங்கம்மாவப் பாரு, செருப்பத் தொலைச்சிட்டுத் தேடுதாங்க" என்றாய். அந்தப் பிள்ளை வெடித்துச் சிரித்தது. நீ தட்டிக்கொண்டே இருந்தாய். கழுத்தில் பெரிய கேமரா மாட்டிய ஒரு ஜப்பான்காரர் தன் படத்தை எடுக்காமல் உன்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பக்கத்தில் சலீம் சார் வந்து, "நல்ல போட்டோகிராபர். யார் அது?" என்று கேட்டார்.

"என் மனைவி" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். "உன் மனைவியிடமா ட்ரைபாடை வாங்கி வைத்தாய்?"

"ஆமாம் சார்."

என் தோளில் கை வைத்தார். பிறகு, "போய் அவளிடம் பேசு, நான் வாசலைப் பார்த்துக்கொள்கிறேன்" என்றார். அது ஒரு ஓமானி அதிகாரி என்னிடம் சொன்னது, சுந்தரி. ஆனால் நீ வேலையில் இருந்தாய். நடுவில் வந்து உன் கையைக் கெடுக்க மனசு வரவில்லை. வாசலுக்குத் திரும்பினேன். பின்பக்கம் ஒரு பள்ளிக்கூடக் கூட்டம் வந்து என்னை அங்கே அனுப்பினார்கள். திரும்பி வந்தபோது நீங்கள் எல்லாரும் போய்விட்டிருந்தீர்கள்.

எட்டு வருஷமாக நீ படம் எடுத்துவிட்டு வந்து கதை சொல்லித்தான் கேட்டிருக்கிறேன். நீ எடுப்பதைப் பார்த்தது அன்றைக்குத்தான். அந்தக் கோட்டைக்கு எத்தனையோ பேர் வருகிறார்கள். நான் பெருமைப்பட்டது ஒருத்தியை நினைத்துத்தான்.

பதில் போடாவிட்டாலும் சரி. செல்வியைப் பரீட்சைக்கு முன்னால் நன்றாகத் தூங்கச் சொல்.

மாரிராஜ்

மில்லர்புரம்
28 மே 2025

அன்புள்ள அத்தானுக்கு,

மூன்று மாதமாக ஃபோனில் "சாப்பிட்டாச்சா" என்பதற்கு மேல் உங்களிடம் ஒன்றும் பேசவில்லை. உங்கள் கடிதத்தை மட்டும் கேமராப் பையிலேயே வைத்திருந்தேன். எத்தனை தடவை படித்தேன் என்று சொல்ல மாட்டேன். கோபம் போய் ரொம்ப நாளாயிற்று. எழுத உட்கார்ந்தால் நான் என்ன செய்துவிட்டு எழுதுவது என்று இருந்தது. இப்போது செய்துவிட்டேன்.

போன திங்கட்கிழமை நாசரேத்தில் ஷெர்லின் கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. மண்டபத்தில் மஸ்கட் படங்களைப் பெரிய திரையில் ஓடவிட்டார்கள். நீல வானப் படம் இல்லாததில் அக்காவுக்கு இன்னும் கொஞ்சம் மனத்தாங்கல்தான். ஆனால் ஷெர்லின் வெடித்துச் சிரிக்கிற படம் வந்ததும் மண்டபம் முழுக்கச் சிரித்தது. பெவினின் அப்பா செல்வதுரை சார், வாத்தியாராக இருந்தவர், எழுந்து வந்து, "எம் மருமக சிரிச்சா இப்படித்தான் இருப்பான்னு இப்பத்தான் தெரியுது. போட்டோவுக்குன்னு நின்ன மாதிரி ஒண்ணுகூட இல்லையே!" என்றார். சாப்பாட்டுப் பந்தியில் இருந்தவர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள்.

அக்காவைச் சுற்றி ஏழெட்டுப் பெண்கள். அவர் கோட்டைக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். "வாசல்ல ஒரு ஆளு, நம்ம பக்கத்துத் தமிழ் ஆளுதான், எம்புட்டுக் கெஞ்சியும் ஸ்டாண்ட உள்ள விடமாட்டேன்னுட்டான். என்னா கல்லு மனசு!"

கையில் இருந்த கேமராவைக் கீழே வைத்தேன்.

"அவரு எங்க வீட்டுக்காரருக்கா" என்றேன். "சூப்பர்வைசர் இல்ல. வாசல் காவல்தான். அன்னைக்குத் தெரியாதுன்னு ஒங்ககிட்ட பொய் சொல்லிட்டேன். அவரு செஞ்சதுதான் சரி. நான்தான் முறையில்லாததக் கேட்டேன்."

என் காது இரண்டும் கொதித்தது. அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"அது எனக்கு அன்னைக்கே தெரியும்ளா" என்றார். "முன்னப்பின்ன தெரியாத ஆளை எவளாவது அப்பிடி முறைப்பாளா? புருசனத்தான் அப்பிடி முறைக்க முடியும்."

எல்லாரும் சிரித்துவிட்டார்கள். நானும். பிறகு அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பொஞ்சாதிக்கே விட்டுக்கொடுக்காத மனுசன்கிட்ட வீட்டுச் சாவியக் கொடுத்துட்டு நிம்மதியாத் தூங்கலாம்" என்றார். அந்த இடத்தில் நீங்கள் இருந்திருக்க வேண்டும் அத்தான்.

இன்னொன்று. செல்வி 463 மார்க் வாங்கியதை ஃபோனில் சொன்னாளே. நேற்று அவளைப் பதினொன்றாம் வகுப்பில் சேர்க்கப் போனோம். படிவத்தில் தந்தையின் தொழில் என்ற இடத்தில் வருஷா வருஷம் "பிரைவேட்" என்று எழுதிவிடுவேன். நேற்று அந்த இடத்தில் "கோட்டைக் காவலர்" என்று எழுதினேன், முத்து முத்தாக.

கவுண்டரில் இருந்தவர் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "ஏம்மா, எந்தக் கோட்டை? பாஞ்சாலங்குறிச்சியா?"

நான் வாயைத் திறப்பதற்குள் செல்வி முந்திக்கொண்டாள். "மஸ்கட் சார். எங்கப்பா நிக்குற வாசல் வழியா ஒருத்தரும் ட்ரைபாட் கொண்டுபோக முடியாது. எங்கம்மாவையே விடல."

பின்னால் வரிசையில் நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் சிரித்துக்கொண்டே முத்திரை குத்திக் கொடுத்தார். உங்கள் மகள் கழுத்தை நிமிர்த்திக்கொண்டு எனக்கு முன்னால் நடந்து வெளியே போனாள்.

ஆகஸ்டில் லீவு கிடைக்கும் என்றீர்களே, தேதி எழுதுங்கள். திருவனந்தபுரத்துக்கு நாங்கள் இரண்டு பேரும் வருகிறோம்.

என்றும் உங்கள்,
சுந்தரி